சராசரி மனிதனின் பத்து நிமிடம்

— குடையை மடக்குங்க தம்பி. என் தலைக்கு மேல பிடிச்சா அது உதவி. உதவி வாங்கி நடந்த நடை செல்லாது. ஏழாவது விதி.

— தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. தூறல் போடுது, வயசான மனுஷர் நனையறாரேன்னு ஒரு இதுல...

— எங்க மாடிப்படிக் கூரை ஆறு மாசமா ஒழுகுது மேனேஜர். பன்னிரண்டு குடும்பம் நனையறோம். அப்ப எங்க போச்சு இந்தக் குடை?

— செயலாளரம்மா, ஐயா இன்னும் நடக்கவே ஆரம்பிக்கல. அதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சுட்டீங்க.

— ரெண்டு பேரும் அமைதி. அறிவிப்பு வாசிக்கணும். நகர வாடகை வாரியத்தின் நடை அளவராகிய நான், இந்த ஸ்டேஷனின் இரண்டாம் வாசலிலிருந்து, பழைய அச்சகத் தெருவிலுள்ள பன்னிரண்டு வீட்டுக் கட்டிடத்தின் தெருக்கதவு வரை, சராசரி மனிதனின் நடையில் நடந்து, ஆகும் நேரத்தைப் பதிவு செய்வேன். பத்து நிமிடத்துக்குள் வந்தால் அது ரயிலடிக் கட்டிடம். வாடகை வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்றுக்கு மேல் ஏறக்கூடாது. பத்தைத் தாண்டினால் அது வெளிக் கட்டிடம். ஏற்றம் உரிமையாளர் விருப்பம்.

— விருப்பம்னா இப்ப குடுக்கறதுல இரட்டிப்பு. கூச்சப்படாம நீங்களே சொல்லுங்க மேனேஜர்.

— முதலாளி விருப்பத்தைப் பத்திப் பேச நான் யாரும்மா? அவர் இருமினா நான் தொண்டையைச் செருமறவன். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

— இரு தரப்பும் கூடவே வரலாம். பேசலாம். தொடக்கூடாது, தாங்கக்கூடாது, தள்ளக்கூடாது. நிமிடத்தை நான் உரக்கச் சொல்லுவேன். கடிகாரம் எதுக்காகவும் நிக்காது, சிக்னலானாலும் சரி, சவ ஊர்வலமானாலும் சரி. குடியிருப்போர் தரப்புல எத்தனை பேர்?

— நான்தான் ஐயா.

— கடிதத்துல இருபத்தாறு பேர்னு போட்டிருக்கு.

— வருவாங்க ஐயா. தலைவர் முன்னாடி நடந்து வழிகாட்டறேன்னு சொல்லியிருந்தார்.

— மூணு நிறத்துல கடிதத்தாள் அடிச்ச சங்கமாச்சே ஐயா! குடியிருப்போர் உரிமைக் காப்புப் பேரவை. தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், ரெண்டு ஆலோசகர், ஒரு செயலாளர். எல்லாப் பதவிக்கும் ஆள் இருக்கு. நடக்கறதுக்குத்தான் இல்ல.

— தலைவருக்குக் காலைல இருந்து வயிறு சரியில்ல. பொருளாளர் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வருது.

— துணைத்தலைவர்?

— தலைவரோட வயித்தைப் பார்த்துக்கறார்.

— பதிவு செய்துகொண்டேன். குடியிருப்போர் தரப்பு, ஒருவர். உரிமையாளர் தரப்பு, ஒருவர். அவரவர் கடிகாரத்தைப் பார்த்துக்குங்க. நடை தொடங்கியது.

— ஐயா, ஒரு நிமிஷம்...

— ஒரு வினாடிகூட இல்ல தம்பி. நடந்தாச்சு.

— முழங்கால் எப்படி இருக்குன்னு கேக்க வந்தேன். போன மாசம் மேம்பாலத்துல பார்த்தேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்க நின்னீங்க. பார்த்த எனக்கே கண் கலங்கிடுச்சு. அவசரமே வேண்டாம். பொறுமையா வாங்க.

— அந்த முழங்காலைப் படம் எடுத்து உங்க ஆபீஸ்ல மாட்டி வைங்க மேனேஜர். அதுதானே உங்க உரிமையாளர் சங்கத்துக்கே சோறு போடுது.

— அளவரைப் பத்திப் பேசும்போது மரியாதை வேணும்மா. சராசரி மனிதன்னா சும்மாவா? முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி நாலாயிரம் பேரை வரிசையில நிக்கவச்சு, உயரம், எடை, எட்டு வைக்கிற நீளம் எல்லாம் அளந்து, எல்லாத்துலயும் நட்டநடுவுல வந்தவர் இவர் ஒருத்தர்தான்.

— நாலாயிரத்து இருநூறு பேர். எனக்கு அப்ப இருபத்தொன்பது வயசு. சான்றிதழ் இருக்கு. "இவரே சராசரி மனிதன்" என்று வாரியத் தலைவர் கையெழுத்துப் போட்டது. கண்ணாடி போட்டு வச்சிருக்கேன்.

— நல்லது ஐயா. இப்ப உங்களுக்கு அறுபது ஆகுது. ஆனா விதிப்படி சராசரி மனிதன் இன்னும் நீங்கதான். ஓய்வு குடுத்துடலாம்னு வாரியம் மூணு தடவை கோப்பு எழுதிச்சு. மூணு தடவையும் கட்டிட உரிமையாளர் சங்கம் போய், "அனுபவம் வாய்ந்தவர், இவரை விட்டா ஊர் தாங்காது"ன்னு அழுது நீட்டிப்பு வாங்கிக் குடுத்துச்சு. எதுக்கு? உங்க கால் ஒரு அங்குலம் வீங்கினா ஊர் நூறு கஜம் நீளுதே, அதுக்கு. தபால் நிலையத் தெருவுல ஒன்பது நிமிஷமா இருந்த கட்டிடமெல்லாம் போன வருஷம் பதினொண்ணு. ஒரு செங்கல் நகரல. நாப்பது குடும்பம் நகர்ந்துச்சு.

— விதி விதிதான் அம்மா. என் கால் விதிக்குக் கட்டுப்பட்டது. ஒரு நிமிடம்!

— கத்தறதுக்கு முன்னாடி சொல்லுங்க ஐயா, தூக்கிவாரிப் போடுது.

— சிக்னல்ல சிவப்பு விழுந்துடுச்சு. அடடா. தப்பா எடுத்துக்காதீங்க, இது நான் போட்ட சிவப்பு இல்ல.

— நாப்பத்தோரு வினாடி நிக்கணும். வலப்பக்க வண்டிங்க நின்னு, இடப்பக்கம் ஒரு பஸ் மூச்சு விடும். அப்புறம் பச்சை.

— எண்ணி வச்சிருக்கீங்களா அம்மா?

— நான் எண்ணல ஐயா. எங்க வீட்டுக்காரர் எண்ணினது. அவருக்குக் கண் தெரியாது.

— பிறவியிலேயா?

— எட்டு வருஷமா. சர்க்கரை. முதல்ல ஓரம் போச்சு, அப்புறம் நடுவும் போச்சு. இங்கருந்து மூணாவது ஸ்டேஷன், பெரிய ஆஸ்பத்திரி. அங்க டெலிபோன் மேஜையில உக்கார்றார். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினீங்கன்னா "வணக்கம், எந்தப் பிரிவு?"ன்னு கேக்கற குரல் அவருதுதான். தனியாத்தான் போறார், தனியாத்தான் வர்றார். வீட்டு வாசல்ல இருந்து பிளாட்பாரம் வரைக்கும் ஒவ்வொரு அடியும் மனப்பாடம். எங்க குழி, எங்க கம்பம், எந்தக் கடைக்காரன் பலகையை நடைபாதையில வைப்பான், எல்லாம்.

— கேக்கவே மனசு கஷ்டமா இருக்கும்மா.

— இருக்காதா பின்னே? கட்டிடத்துக்குப் பின்னால இருந்த சந்துக்கு இரும்புக் கதவு போட்டு, உள்ளங்கை அகலப் பூட்டு போட்டவர் நீங்கதானே. எழுநூத்தி எண்பது அடியா இருந்தது ஆயிரத்து நூத்திப் பத்தாச்சு. மறுபடியும் எண்ணிப் பழக அவருக்கு ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசத்துல ரெண்டு தடவை கால்ல தையல்.

— அது பாதுகாப்புக்காகப் போட்டது. சந்து வழியா திருடன் வர்றான்னு புகார்.

— எங்க கட்டிடத்துக்கு வர்ற திருடன் சந்து வழியா வர்றதில்ல. பேனா பிடிச்சுக்கிட்டு முன்வாசல் வழியா வர்றான்.

— பச்சை. கடக்கிறோம். இரண்டு நிமிடம்!

— ஐயா, மருந்துக்கடை பக்கமா போனா நிழல்... இல்ல, மழைக்கு ஒதுக்கமா இருக்கும். கொஞ்சம் சுத்து, ஆனா சுகமா நடக்கலாம்.

— நேர் வழி மட்டுமே. பதினோராம் விதி.

— நல்லா சொன்னீங்க ஐயா.

— உங்களுக்காகச் சொல்லல அம்மா. விதிக்காகச் சொன்னேன்.

— சரி ஐயா. எதுக்காகச் சொன்னா என்ன, நேர் வழி நேர் வழிதான்.

— நான் ஒண்ணு கேக்கறேன், செயலாளரம்மா தப்பா எடுத்துக்கக்கூடாது. ஊர்ல வேற வீடே இல்லையா? முதலாளியோட மல்லுக்கட்டிக்கிட்டு இங்கேயே ஏன் ஒட்டிக்கிட்டு இருக்கணும்?

— ஏன், நான் தேடாமலா இருந்தேன்? ஆறு வாரமா திரைச்சீலைத் தையலை ஓரமா வச்சுட்டு, புரோக்கர் பின்னால சுத்தினேன். பதினேழு வீடு. "ஸ்டேஷனுக்கு அஞ்சே நிமிஷம்மா, வாடகையும் பேருக்குத்தான் ஏறும்"னான் ஒருத்தன். எதுல அஞ்சு நிமிஷம்னு கேட்டேன். அவன் மோட்டார் சைக்கிள்ல, காலைல அஞ்சு மணிக்கு, ஒரு வழிப்பாதையில எதிர்ப்பக்கமா.

— ஹஹ்.

— இன்னொருத்தன், "பால்கனியில நின்னா ஸ்டேஷன் தெரியும்"னான். தெரிஞ்சுது. நடுவுல ஆறு. பாலம் நாலு கிலோமீட்டர் தள்ளி. "தெரியும்னுதானே சொன்னேன், போகலாம்னு சொன்னேனா?"ங்கறான். மூணாவது வீடு நிஜமாவே ஸ்டேஷனுக்குப் பக்கம். ஸ்டேஷன்தான் இன்னும் கட்டல.

— திட்டத்துல இருக்கும்மா. வரும்.

— வரும்போது என் பேத்திக்குப் பேத்தி போய்க்கட்டும். வாடகை கட்டுப்படியாகற வீடுன்னு ஒண்ணுதான் அமைஞ்சுது. ரெண்டு பஸ் மாறணும், அப்புறம் ரயில். எனக்குப் பரவாயில்ல, இவர் எப்படிப் போவார்? ஒரு பஸ் நிலையத்துல கண் இருக்கறவனே மூணு தடவை விழறான். ஐம்பத்தாறு வயசுல இன்னொரு ஊரை முதல்ல இருந்து எண்ணச் சொல்லவா? வேலை போயிடும் ஐயா. வேலை போனா அந்த மனுஷர் வீட்டுக்குள்ள உக்காந்து சுவத்தைத்தான் எண்ணுவார்.

— மூன்று நிமிடம்!

— ஐயா, கேட்டீங்களா?

— கேட்டேன் அம்மா. அளவருக்குக் காது உண்டு. கருத்து மட்டும் கிடையாது.

— அப்படிச் சொல்லாதீங்க ஐயா. நீங்களும் வாடகை வீட்டுலதானே இருக்கீங்க?

— இருக்கேன்.

— எந்தப் பக்கம்?

— பக்கம்னு ஒண்ணு இல்லாத இடம் அது. காலைல நாலு மணிக்குக் கிளம்பறேன். ஒரு வேன், ஒரு பஸ், ஒரு ரயில். முப்பத்தொரு வருஷத்துல ஆறு வீடு மாறியாச்சு. ஒவ்வொரு தடவையும் ஊருக்கு வெளியே ஒரு படி. மொதல் வீடு ஸ்டேஷன்ல இருந்து நாலு நிமிடம். அதை நானே அளந்தேன்.

— அது எப்படிக் கைவிட்டுப் போச்சு?

— மறு அளவு வந்தது. எனக்குக் காய்ச்சல். விதிப்படி நடந்தேன். பதினோரு நிமிடம் ஆச்சு.

— உங்க வீட்டையே நீங்களே...?

— விதி விதிதான்.

— பாவம் ஐயா நீங்க. ஊரையே அளக்கறவருக்கு ஊருக்குள்ள வீடில்ல.

— அதைத்தானே ஐயா நானும் நேத்து உங்ககிட்ட...

— தம்பி! நடக்கும்போது அலுவலுக்குப் புறம்பான பேச்சு வேண்டாம்.

— நேத்து என்ன? மேனேஜர், நேத்து என்ன பேசினீங்க?

— மழையைப் பத்திம்மா. இன்னிக்கு வருமான்னு கேட்டேன்.

— அளவரைத் தேடிப் போயா மழையை விசாரிச்சீங்க?

— நான்கு நிமிடம்! அச்சகச் சுவர் முனை. இதுல ஒரு பள்ளம் இருக்கே. வரைபடத்துல இல்ல.

— நேத்து வெட்டினது ஐயா. தண்ணிக்குழாய் வேலை. பாவம், தொழிலாளிங்க மதிய சாப்பாட்டுக்குப் போயிருக்காங்க.

— காலைல பத்து மணிக்கு மதிய சாப்பாடு! குழாயே இல்லாத இடத்துல குழாய் வேலை! மேனேஜர், இந்தத் தெருவுக்குத் தண்ணி எதிர்ப்பக்கத்துல இருந்து வருது. இருபத்திரண்டு வருஷமா குடம் பிடிச்சவ நான்.

— வருங்காலக் குழாய்ம்மா. ஐயா, அந்தப் பலகை மேல போகாதீங்க, வழுக்கும். இப்படிச் சுத்தி, பாங்க் முனை வழியா... ஐயா? ஐயா!

— தாண்டிட்டேன். நடை தொடர்கிறது.

— யப்பா! ஆடு மாதிரி தாவிட்டீங்களே ஐயா!

— தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா அந்த முழங்கால் போன மாசம்...

— இன்னிக்கு மழைக்கு இதமா இருக்கு.

— எல்லாருக்கும் மழையில வலிக்கும். இவருக்கு மட்டும் இதமா இருக்குதாம். நடங்க ஐயா, நடங்க. உங்க வாய்முகூர்த்தம் பலிக்கட்டும்.

— ஐயா, இதோ நம்ம டீக்கடை. சூடா ஒரு டீ. நின்னுக்கிட்டே குடிக்கலாம், சர்க்கரை கம்மியா. கடைக்காரர் நேத்தே எடுத்து வச்சு... இல்ல, இப்பதான் போட்டு வச்சிருக்கார்.

— முப்பத்தொரு வருஷம் தம்பி. எந்தத் தரப்புல இருந்தும் ஒரு டீ குடிச்சதில்ல. ஒரு பிஸ்கட் கடிச்சதில்ல. ஒருத்தர் காலண்டர் குடுத்தார், திருப்பி அனுப்பிட்டேன். என் வீட்டுச் சுவர்ல வாரியம் குடுத்த காலண்டர் மட்டும்தான். நாலு வருஷமா அதையும் குடுக்கல. பழசையே பார்த்துக்கறேன். ஐந்து நிமிடம்!

— அப்படிச் சொல்லுங்க ஐயா! இந்த ஊர்ல ஒரு மனுஷராவது இருக்கார்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவேன்.

— செயலாளரம்மா, ரொம்பக் குளிர்ந்து போகாதீங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டவா? நடந்துக்கிட்டே பாருங்க. இந்தக் கோப்புல என்ன இருக்கு சொல்லுங்க.

— எங்களுக்குக் குடுத்த புது ஒப்பந்தம். "வாடகை: அளவின்படி." இதைத்தான் போன மாசமே கதவுக்குக் கதவு தட்டிக் குடுத்தீங்களே. அளவு முடியற வரைக்கும் ஒருத்தரும் கையெழுத்துப் போடறதில்லன்னு பேரவையில தீர்மானம் போட்டாச்சு. போட்டா, பத்தைத் தாண்டினாலும் ஒத்துக்கறோம்னு அர்த்தம். நாங்க என்ன குழந்தைங்களா?

— பழைய ஒப்பந்தம் போன மாசக் கடைசியோட முடிஞ்சுது. கையெழுத்துப் போடாத வீடு காலி வீடாத்தான் கணக்குன்னு அதுல கீழே எழுதியிருந்துச்சே.

— அது சும்மா மிரட்டல்னு தலைவர் சட்டப் புத்தகத்தையே தூக்கிக் காட்டினார். "நான் முதல் ஆளா சிறைக்குப் போவேன்"னு மேஜையைத் தட்டினார். தண்ணி டம்ளர் கவிழ்ந்து தீர்மானம் நனைஞ்சு, நான்தான் மறுபடியும் எழுதினேன்.

— முதல் பக்கம் பாருங்க. யார் கையெழுத்து?

— இது... இது நம்ம...

— உரக்கப் படிங்கம்மா. ஐயாவும் கேக்கட்டும்.

— தலைவர்.

— தீர்மானம் போட்ட அன்னிக்கு ராத்திரியே வந்துட்டார். பின்பக்கமா. சந்து பூட்டியிருக்கேன்னு என்னைத் திட்டிக்கிட்டே வந்தார். அடுத்த பக்கம்?

— துணைத்தலைவர். அதுக்கு அடுத்தது பொருளாளர்... ஆலோசகர் ரெண்டு பேரும் ஒரே நாள்லயா?

— ஒரே பேனா. ஆளுக்கு ஆள் வாங்கிப் போட்டாங்க. மொத்தம் பதினொண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க.

— என்கிட்ட மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்லல? நேத்துகூட பொருளாளர் சம்சாரம் வந்து என் தையல் கத்திரியை வாங்கிட்டுப் போச்சு. "நாளைக்குத் தைரியமா நடங்கக்கா, நாங்க எல்லாம் உங்க பின்னாலதான்"னு கையைப் பிடிச்சுச்சு.

— பின்னாலன்னு சொன்னாங்க. எவ்வளவு பின்னாலன்னு சொன்னாங்களா?

— ஆறு நிமிடம்!

— ஐயா, கொஞ்சம்... இல்ல, நிக்காதீங்க. நீங்க நடங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. கண்ணுல மழை.

— நடை நிக்காது அம்மா.

— சரி, போகட்டும். அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. மேனேஜர், நானும் போடறேன். பேனா குடுங்க. நடந்துக்கிட்டே போடறேன். பத்துக்குள்ள வந்தாலும் சரி, வராட்டியும் சரி.

— இப்ப எதுக்கும்மா அவசரம்? மழையில மை கலையும். அளவு முடியட்டும், நிதானமாப் பேசிக்கலாம்.

— ஒரு மாசமா "போடுங்க, போடுங்க"ன்னு கதவைத் தட்டினீங்க. இப்ப போடறேங்கறேன், வேண்டாம்ங்கறீங்க?

— வேண்டாம்னு யார் சொன்னா? நிதானமான்னுதான் சொன்னேன்.

— வழியில லாரி நிக்குது. நடைபாதை முழுக்கச் சாமான்.

— இதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல ஐயா. என் தாய் மேல ஆணை. அவங்களாவே காலி பண்ணிட்டுப் போறாங்க.

— அவங்களாவே! பார்த்தீங்களா ஐயா, அந்தக் கட்டில் காலைத் தூக்கிக்கிட்டு நிக்கற அம்மா உங்களையே பார்க்கறாங்க. தெரிஞ்சவங்களா?

— இந்தக் கட்டிடம் போன வசந்தத்துல அளந்தது. பன்னிரண்டு நிமிடம் நாலு வினாடி. அன்னிக்கு எனக்குப் புதுச் செருப்பு.

— ஒரு வார்த்தை ஏதாவது சொல்லிட்டுப் போகலாமே.

— என்ன சொல்ல? செருப்பு கடிச்சதுன்னா? பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு ஆள் போகலாம். வழி விடுங்க அம்மா. வாரிய அலுவல். வழி விடுங்க. ஏழு நிமிடம்!

— திட்டறாங்க ஐயா உங்களை.

— பழக்கம்தான். அவங்க திட்டறது என்னை இல்ல, சராசரி மனிதனை.

— ஐயா, ஐயா, மெதுவா! வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? எனக்கே மூச்சு வாங்குது. எனக்கு முப்பத்தாறுதான்!

— நீங்க சராசரி இல்ல தம்பி. நாலாயிரத்து இருநூறு பேர்ல நீங்க இல்ல.

— எனக்கு அப்ப அஞ்சு வயசு! ஐயா, இந்த வேகம் சரியில்ல. சராசரி நடைன்னு விதியில இருக்கு. ஆட்சேபிக்கறேன். எழுதிக்குங்க.

— எழுதிக்கறேன். நின்னு எழுத மாட்டேன்.

— மேனேஜர், ஏன் வேர்க்குது? மழையில வேர்க்கற ஆளை இப்பதான் பார்க்கறேன். குடையைப் பிரிச்சுக்குங்க, உங்களுக்கு நீங்களே பிடிச்சுக்கிட்டா அது உதவியில வராது.

— எட்டு நிமிடம்!

— ஐயா, பூட்டின சந்து தெரியுதா? அந்த இரும்புக் கதவு. அது திறந்திருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்து கையைக் கழுவியிருப்பீங்க. இப்ப முனை வரைக்கும் போய்த் திரும்பணும். எங்க வீட்டுக்காரர் இந்தச் சுவத்தைக் கையால தடவிக்கிட்டேதான் வருவார். பாருங்க, கை பட்டுப் பட்டு ஒரு கோடே விழுந்திருக்கு.

— பார்த்தேன் அம்மா.

— அதனாலதான் இவ்வளவு வேகமா நடக்கறீங்களா ஐயா? உண்மையைச் சொல்லுங்க. அவருக்காகவா?

— நடக்கும்போது காரணம் சொல்லக்கூடாது.

— நீங்க சொல்ல வேண்டாம். எனக்குப் புரிஞ்சுது. கருத்து கிடையாதுன்னு சொன்னீங்க, கால்ல வச்சிருக்கீங்க கருத்தை.

— முனை. திரும்புகிறோம். ஒன்பது நிமிடம்!

— ஐயா, செருப்பு வார் அவிழ்ந்திருக்கு! விழுந்துடுவீங்க! நின்னு மாட்டிக்குங்க!

— அவிழட்டும்.

— ஐயா! ஐயா, நேத்து ராத்திரி என்ன பேசினோம்? மறந்துட்டீங்களா? ஐயா! இது நடையா? இது ஓட்டம்!

— ஓடுங்க ஐயா! அந்தப் பச்சைக் கதவு! வலப்பக்கம் தண்ணி, இடப்பக்கம் மிதிங்க! இன்னும் முப்பது அடி! இருபது! தெருநாயே, தள்ளு! பத்து! தொடுங்க ஐயா, தொடுங்க!

— ஒன்பது நிமிடம்... இருங்க, மூச்சு... ஒன்பது நிமிடம் ஐம்பத்தொரு வினாடி. பதிவு செய்தேன். ரயிலடிக் கட்டிடம். வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்று.

— ஐயா! தெய்வமே! உங்க காலைக் காட்டுங்க, தொட்டுக் கும்பிடறேன்!

— தொடக்கூடாது அம்மா. மை காயட்டும்.

— செல்லாது! ஐயா ஓடினார், என் கண்ணால பார்த்தேன். அம்மாவே "ஓடுங்க"ன்னு கத்தினாங்க. சராசரி மனிதன் ஓடலாமா?

— விதியில வேகம் எழுதல தம்பி. ஆளைத்தான் எழுதியிருக்கு. சராசரி மனிதன் எப்படிப் போறானோ, அதுதான் சராசரி நடை. உங்க சங்கம்தான் மூணு தடவை இதையே வாரியத்துல வாதாடி ஜெயிச்சது.

— எங்க தலைமேல நாங்களே... முதலாளிக்கு என்ன பதில் சொல்லுவேன்? பதினோரு நிமிஷம் வரும்னு சொன்னேனே! உங்களை நம்பித்தானே நேத்து...

— சொல்லுங்க மேனேஜர். இப்பவாவது சொல்லுங்க. நேத்து என்ன? டீ வேண்டாம்னவருக்கு என்ன நீட்டினீங்க?

— ஒரு வீடும்மா! வீடு! இந்தக் கட்டிடத்துலேயே! நாலு மணிக்கு எழுந்து வர்ற மனுஷராச்சே, வேன், பஸ், ரயில்னு அலையறாரேன்னு மனசு இரங்கி... ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன். பத்தைத் தாண்டி வந்தா.

— அந்தக் கடைசி வரி ஒப்பந்தத்துல இல்ல தம்பி. நீங்க வாயால சொன்னீங்க. எழுத்துல "வாடகை: அளவின்படி"ன்னு மட்டும்தான் இருக்கு. மூணு வருஷத்துக்கு.

— அடப்பாவி மனுஷா! இங்கேயே குடிவரப் போற ஆளுக்கு வாடகையை இரட்டிப்பாக்கச் சொன்னா, அவர் எப்படி மெதுவா நடப்பார்? உங்களை மேனேஜரா வச்சானே உங்க முதலாளி, அவனைச் சொல்லணும்!

— நான் வாங்கினது லஞ்சம் இல்ல அம்மா, அதை மட்டும் புரிஞ்சுக்கணும். மாசா மாசம் வாடகை குடுப்பேன். முப்பத்தொரு வருஷத்துல ஒரு டீ...

— தெரியும் ஐயா, தெரியும். எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல. எதுக்காக ஓடினா என்ன, பன்னிரண்டு வீடும் பொழைச்சுது. வாங்க, இங்கேயே வாங்க. அந்தத் தலைவர் பதவியைப் பிடுங்கி உங்களுக்கே தரேன். சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வாங்க, முதல் நாள் சாப்பாடு எங்க வீட்டுல. ஆனா ஐயா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. பன்னிரண்டு வீட்டுலயும் ஆள் இருக்கே, எந்த வீட்டை எழுதிக் குடுத்தார்?

— கையெழுத்து இல்லாத வீடு ஒண்ணுதானே அம்மா இருந்தது; ஒண்ணாந்தேதி காலைல சாமானோட வரோம், போறதுக்கு முன்னாடி சுவர்ல இருக்கற ஆணியெல்லாம் பிடுங்கி வச்சுட்டீங்கன்னா என் சான்றிதழை மாட்ட ஒண்ணு மட்டும் நான் அடிச்சுக்கறேன்.